பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

என் கணவருக்கு எந்த வேலையையும் ஒரே தடவையில் முடித்துப் பழக்கமில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்தால் மூன்று ஓட்டை விழும். அலமாரிக் கதவு ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று போன வருடம் அதைக் கழற்றிப்போட்டார். இரண்டு நாள் வீட்டுத் துணியெல்லாம் கட்டில் மேல் கிடந்தது, நாங்கள் தரையில் படுத்தோம். குறையாகச் சொல்லவில்லை. அவர் ரயில் ஓட்டுகிறவர். ஆயிரம் பேரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிற மனிதர் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே கற்றுக்கொண்டோம். "நேரா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்போம். "சரியா மூடுதா?" என்றால் "மூடுது." முதல் பத்து வருடம் பார்த்துவிட்டுச் சொன்னேன். அதற்கப்புறம் பார்க்காமலே சொல்ல வந்துவிட்டது. மகளுக்குப் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் வந்து இறங்கியது ஒரு ஹோம் தியேட்டர். கறுப்பாக, கனமாக ஒரு ரிசீவர். அதோடு ஸ்பீக்கர் ஐந்து. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. கனத்த ஒலிக்கென்று தரையில் உட்காரும் பாஸ் பெட்டி ஒன்று தனி. வயர் மட்டும் ஒரு கூடை நிறைய இருந்தது.

எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். "அப்பா, இந்தப் படத்தோட கதை பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு" என்று மகள் கிண்டல் செய்தாள். "டிவியில இருக்கிற ஸ்பீக்கர் சரியில்லை. எல்லாரும் வாய்ல துணியை வச்சிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்று அவர் டிவி மேல் பழியைப் போட்டார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. போன வருடம் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இடது காது எவ்வளவு கேட்கிறது என்று வரைந்த கோடு கீழே இறங்கியிருந்தது. "இந்தத் தடவை விடுறேன். அடுத்த வருஷம் இதைவிட இறங்கினா இன்ஜின்ல ஏற முடியாது" என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அந்த அடுத்த வருடம் வந்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை பரிசோதனை.

அதில் தேறாவிட்டால் வேலை போகாது, வண்டி போய்விடும். அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுப்பார்கள். யார் எந்த வண்டிக்கு என்று தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் ஓட்டியவர். அப்படி நாற்காலிக்கு மாறிய நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இவர் சாப்பிடாமல் படுத்தார். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், நாளுக்கு நாலு பேருக்காவது காதுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், ஆனால் வீட்டில் காது என்ற பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. நல்ல ஸ்பீக்கரில் எல்லாம் தெளிவாகக் கேட்டுவிட்டால் குற்றம் டிவியுடையது, தன் காதுடையது அல்ல என்று அவருக்கு நிச்சயமாகிவிடும். அதற்காகத்தான் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் இந்தக் கூத்து.

உதவிக்கு என் தம்பியைக் கூப்பிட்டிருந்தார். அவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது, அதனால் என் கணவர் அவனுக்கு வைத்த பெயர் புரொபசர்.

"அத்தான், இது ஒரு மணி நேர வேலை" என்று புரொபசர் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தான்.

"மாப்ளே, கையேட்டைப் படிச்சிட்டு ஆரம்பிப்போம்."

"கையேடு தெரியாதவங்களுக்கு, அத்தான்."

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். பதினொரு மணிக்கு ஐந்து ஸ்பீக்கரும் இடத்தில் நின்றன. என் கணவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், முன் வலது ஸ்டாண்டு சாய்ந்திருந்தது. கம்பளத்தைத் தூக்கி எல்லாவற்றையும் நகர்த்தினார்கள். ஒரு மணிக்கு, பின்னால் போகிற வயர் இரண்டில் எது கூட்டல், எது கழித்தல் என்று புரொபசர் கவனிக்காமல் மாட்டியது தெரிந்தது. கம்பளத்தைத் தூக்கி, வயரை உருவி, அடையாளத்துக்கு நூல் கட்டி மறுபடி விரித்தார்கள். இரண்டரைக்கு, ரிசீவருக்குப் பின்னால் வயர் புதர் மாதிரி கிடக்கிறது, பார்க்க நன்றாயில்லை என்று தோன்றியது அவருக்கு. மூன்றாம் முறையாகக் கம்பளம் எழுந்தது. இந்தத் தடவை புரொபசரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, எல்லா வயரையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, முனையை உரித்து, தாமே மாட்டினார். நடுவில் நாங்கள் சாப்பிட்டோம். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்காமல் சாப்பிட்டார்.

நாலு மணிக்குச் சோதனை. ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வரிசையாக ஓர் இரைச்சலை அனுப்பும். குழாயில் தண்ணீர் சீறுகிற மாதிரி ஒரு 'ஷ்ஷ்'. எந்த ஸ்பீக்கர் என்று திரையில் பெயர் வரும். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு சோபாவின் நடுவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கேப்பேன். நீங்க பதில் சொல்லணும். எல்லாரும்."

இது அவர் தொழில் வழக்கம். இன்ஜினில் சிக்னல் தெரிந்ததும் டிரைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "பச்சை." பக்கத்தில் இருக்கும் துணை டிரைவர் தானும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், "பச்சை." ஒருவர் கண்ணை மட்டும் நம்பி வண்டி போகக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அவர் வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடியாயிற்றா என்று கேட்டால் தலையாட்டினால் போதாது, "மூடியாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும்.

நான் பட்டனை அழுத்தினேன். "முன் இடது. கேக்குதா?"

"கேக்குது" என்றேன். "கேக்குது" என்றாள் தரையில் மொபைலோடு படுத்திருந்த மகள். அடுக்களையில் டீக்கு அடுப்பைப் பற்றவைத்திருந்த புரொபசர் அங்கிருந்தே "கேக்குது அத்தான்!" என்றான்.

நடு ஸ்பீக்கர், முன் வலது, பின் வலது எல்லாம் கேட்டன. அடுத்து திரையில் 'பின் இடது' என்று வந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"கேக்குதா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒரு பொட்டுச் சத்தம்கூட வரவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் கம்பளம் நாலாம் தடவையாக எழும், ராத்திரிச் சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருக்கும், ஐந்தில் ஒன்று பாடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும், அடுத்த வாரம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது.

"கேக்குது" என்றேன்.

"கேக்குது" என்றாள் மகள், மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லாவே கேக்குது!" என்றது அடுக்களை.

அவர் கண்ணைத் திறந்தார். "இன்னொரு தடவை போடு."

போட்டேன். மறுபடியும் விசிறிச் சத்தம்தான். அவர் இடது காதை மெல்ல அந்த ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். "கேக்குதா?"

"கேக்குதுங்க. போதும் எழுந்திருங்க, டீ ஆறுது."

"சரி" என்றார்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அவ்வளவு சுலபமாக ஒரு சரி சொன்னதேயில்லை. டீயை வாங்காமல் எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை ஒழிந்தது என்ற சந்தோஷத்தில் நாங்கள் மூன்று பேரும் பிஸ்கட் தின்றோம். புரொபசர் காலை நீட்டிக்கொண்டு ஒரு சண்டைப் படத்தைப் போட்டான்.

"அப்பா பாக்க வரலையா?" என்று கால் மணி நேரம் கழித்து மகள்தான் கேட்டாள்.

டீயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனேன். பால்கனிக் கதவில் கை வைத்தபோது வெளியே அவர் போனில் பேசுவது கேட்டது.

"காய்ச்சல் எல்லாம் இல்ல சார். நாளைக்குக் காலை வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுங்க. காது சார், இடது காது... இல்ல, டெஸ்ட் செவ்வாய்க்கிழமைதான். அதுவரைக்கும் எதுக்கு சார், எனக்கே தெரிஞ்சு போச்சு. வீட்ல அத்தனை பேருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலை. பக்கத்துல துணை ஆள் உக்காந்திருப்பான் சார். அவன் கூப்பிட்டு எனக்குக் கேக்காம போச்சுன்னா?... ஆமா சார். நானே எழுதிக் கொடுத்துடறேன். இன்ஜின்லருந்து என்னை எடுத்துடுங்கன்னு."

அவர் பேசிக்கொண்டிருந்தது இன்ஜின் ஷெட் மேலாளரோடு. இருபத்தாறு வருட வேலையை, பரிசோதனைக்குக்கூடக் காத்திராமல், தன் கையால் எழுதிக்கொடுக்கப் போகிறார். என்னுடைய ஒரு 'கேக்குது'வை நம்பி.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் டீயை ஜன்னல் விளிம்பில் பாதி வைத்து, பாதி கொட்டி, போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"சார், எழுதிக்காதீங்க சார்! கேக்கலை! எங்க யாருக்குமே கேக்கலை!"

அந்தப் பக்கம் மேலாளர் கவலையாகக் கேட்டார். "யாரும்மா பேசுறது? வீட்ல எல்லாருக்குமா காது போச்சு?"

"காது போகலை சார், ஸ்பீக்கர் போச்சு!"

"எந்த ஸ்பீக்கர்?"

என் கணவர் போனை வாங்கிக்கொண்டார். "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கேக்கலையா?"

"கேக்கலை."

"ரெண்டாவது தடவை?"

"அப்பவும் கேக்கலை."

"அப்புறம் ஏன் கேக்குதுன்னு சொன்ன?"

பொய் சொல்ல இனி என்னிடம் தெம்பில்லை. "கேக்கலைன்னா நீங்க மறுபடி கம்பளத்தைத் தூக்குவீங்க."

அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கூடத்துக்குப் போய் டிவியை நிறுத்தினார்.

"உனக்குக் கேட்டுதா?"

மகள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல் என்று நான் தலையை ஆட்டினேன். "அம்மா கேக்குதுன்னாங்கப்பா. அதனால நானும் சொல்லிட்டேன்."

"மாப்ளே?"

புரொபசர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். "நான் அடுக்களையில இருந்தேன் அத்தான். நீங்க எல்லாரும் கேட்ட சத்தத்தை நான் மட்டும் கேக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

"வண்டியில ஒரு துணை ஆள் பாக்காம பச்சைன்னு சொன்னான்னா அன்னையோட அவன் வேலை முடிஞ்சுது" என்றார் அவர் நிதானமாக. "இருபத்தாறு வருஷத்துல ஒருத்தன்கூட அப்படிச் சொன்னதில்லை. நீங்க சொன்னதும் எனக்குச் சந்தேகமே வரலை. என் காதுதான் போச்சுன்னு நினைச்சேன்."

இந்த மனிதர் என்னைச் சந்தேகப்படுவதைவிடத் தன் காதைச் சந்தேகப்படுவது சுலபம் என்று இருந்திருக்கிறார். நானோ அவர் கேட்கிற கேள்விகளைக் கொசு விரட்டுகிற மாதிரி பல வருடமாக விரட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் முன்னாலேயே அழுதேன்.

"அழாதே. இன்னும் ஒண்ணும் முடியலை" என்றார். "ஸ்பீக்கர் பாடலைங்கறதால என் காது நல்லா இருக்குன்னு ஆயிடாது."

ரிசீவரை இழுத்துத் திருப்பி டார்ச் அடித்தார். பின்னால் அவர் வெட்டி ஒழுங்குபடுத்திய வயர்கள் வகிடெடுத்த தலைமயிர் மாதிரி அழகாக இருந்தன. ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். நாலாவது வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அதன் முனையில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மற்ற எல்லாவற்றையும் உரித்தவர் இதை உரிக்காமல் மாட்டியிருக்கிறார். கம்பி எங்கும் தொடவில்லை, சத்தம் எப்படி வரும்?

"இதை யாரு..." என்று ஆரம்பித்தான் புரொபசர்.

"நான்தான் மாட்டினேன்" என்றார் என் கணவர்.

அவன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த தருணம் அது. வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

வயரை உரித்து, முறுக்கி, மாட்டி, இழுத்துப் பார்த்தார். பிறகு விசிறியை நிறுத்தச் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சோபாவில் நடுவில் அவர், ஒரு பக்கம் மகள், மறுபக்கம் என் தம்பி. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பின்னால் நின்று ரிமோட்டை அழுத்த வேண்டும். எந்த ஸ்பீக்கர் என்று சொல்லக்கூடாது, வரிசையாகவும் போடக்கூடாது. கேட்கிற திசையில் அவர்கள் கை காட்ட வேண்டும்.

முதலில் முன் வலது. மூன்று கையும் அந்தப் பக்கம் நீண்டன. அடுத்து நடு ஸ்பீக்கரைப் போட்டேன், பிறகு பின் வலது. அப்புறம் பின் இடதை அழுத்தினேன்.

'ஷ்ஷ்' என்று வந்தது. அவர் இடது கை தோளுக்கு மேல் எழுந்து நேராக அந்த ஸ்பீக்கரைக் காட்டியது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் விடுகிற ஆளா? "சத்தத்தைக் குறை" என்றார் கண்ணைத் திறக்காமல். குறைத்தேன். கை எழுந்தது. "இன்னும் குறை." எழுந்தது. நாலைந்து படி இறங்கியபோது புரொபசர், "அக்கா, போட்டியா இல்லையா?" என்றான். போட்டிருந்தேன். என் கணவர் கை அந்தரத்தில் நின்றது. இன்னும் இரண்டு படி இறங்கினேன். எனக்கே அது இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்த இடத்தில்கூட அவர் கை எழுந்தது, மெதுவாக, ஆனால் சரியான திசையில்.

அதற்கும் கீழே ஒரு படி. மகள் கை மட்டும் எழுந்தது. அவர் கை மடியில் இருந்தது.

"போட்டியா?" என்று கேட்டார்.

இன்னும் போடவில்லை என்று சொல்லிவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை அது வந்தது. பழக்கம் அப்படி.

"போட்டேங்க" என்றேன். "அவளுக்குக் கேட்டுது. உங்களுக்குக் கேக்கலை."

கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. "அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவளுக்குக் கேக்கத்தான் செய்யும்" என்றார். "இப்பதான் நீ பால்கனியில கேக்கலைன்னு சொன்னதை என்னால நம்ப முடியுது."

எழுந்து போய் ஷெட் மேலாளரைக் கூப்பிட்டார். "காலை வண்டிக்கு நானே வர்றேன் சார். ஸ்பீக்கரா? அது ஒரு பெரிய கதை, நேர்ல சொல்றேன்." அன்று அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். படத்தைப் பாதிச் சத்தத்தில் வைத்துப் பார்த்தோம். வசனம் ஒவ்வொன்றும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. "டிவி மேலதான் தப்புன்னு அப்பவே சொன்னேன்" என்று அவர் நாலு தடவை சொன்னார். நாங்கள் நாலு தடவையும் கேட்டுக்கொண்டோம்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் மருந்துக்கடையில் என் மனம் என்னிடம் இல்லை. வீட்டுச் சோபா வேறு, மருத்துவரின் கண்ணாடி அறை வேறு. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரையை எடுத்து வைத்தேன். நல்லவேளை, அவர் மாத்திரையின் பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பதினொன்றே முக்காலுக்குப் போன் வந்தது.

"சொல்லுங்க."

"போன வருஷம் இருந்த இடத்துலயே நிக்குதாம் கோடு. ஒரு நூல்கூட இறங்கலை. இந்த வருஷமும் வண்டி என்னோடதுதான்."

எதிரில் வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். எனக்கு ஒருவர் முகமும் தெரியவில்லை.

"இன்னொண்ணு கேளு" என்றார். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "ஹெட்போன்ல சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும், இல்லையா? நடுநடுவுல ஒண்ணுமே போடாம சும்மா விட்டுடறாங்களாம். அப்பவும் அமுக்குறவங்க யாருன்னு பாக்கறதுக்கு. பயத்துல நிறையப் பேர் அமுக்கிடறாங்கன்னு டாக்டர் சொன்னார்."

"நீங்க அமுக்கினீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல. கேக்கலைன்னா கேக்கலை, அவ்வளவுதான். உங்க மூணு பேரையும் அங்க உக்காத்தி வச்சிருந்தா பட்டன்லருந்து விரலையே எடுத்திருக்க மாட்டீங்க."

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "ஆமாங்க" என்றேன்.

போனை வைத்தபோது வரிசையில் முதலில் நின்ற பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல செய்தியாம்மா?"

"கேக்குதாம்" என்றேன்.

யாருக்கு, என்ன என்று அவர் கேட்கவில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார். நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மருந்து எடுக்கப் போனேன்.